தடைமுடிச்சு

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. எட்டாம் வகுப்பு. விடுமுறைக்கு எடுத்த நூலகப் புத்தகத்தை நாளை திருப்பித் தர வேண்டும். முன்னட்டை கிழிந்து போனதால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. மீன் பிடிப்பதைப் பற்றியது. நான் அதைக் கோகிலா அத்தைக்காகத்தான் எடுத்தேன்.

கோகிலா அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், என் அறையில். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் ஆறு நாள் பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள், ஏழாம் நாள் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாறைக்குழிக்குப் போகிறாள். பாறைக்குழி என்பது கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். மழைத் தண்ணீர் நின்று பெரிய குளம் போல ஆகிவிட்டது. ஆழம் அதிகம். அதுதான் அத்தையின் தொல்லை. தக்கையைத் தூண்டில் நரம்பில் ஒரே இடத்தில் கட்டினால், தக்கைக்குக் கீழே அத்தனை நீள நரம்பு தொங்கும். வீசும்போது அது பின்னாலிருக்கும் வேலமரத்தில் மாட்டிக்கொள்ளும். போன மாதம் மட்டும் நான்கு தூண்டில் முள் மரத்துக்குப் போனது.

புத்தகத்தில் இதற்கு வழி இருந்தது. தக்கையைக் கட்டவே கூடாது. நரம்பில் அது மேலும் கீழும் நகர வேண்டும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் நரம்பின் மேல் நூலால் ஒரு சின்ன முடிச்சு போட வேண்டும். அதன் பெயர் தடைமுடிச்சு. வீசும்போது தக்கை கீழே, எடைக்குக் கட்டிய ஈயத்தோடு ஒட்டிக் கிடக்கும், அதனால் எதிலும் மாட்டாது. தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்கும். முடிச்சு வந்து தக்கையில் முட்டியதும் நின்றுவிடும். முடிச்சு மிகச் சிறியது, ஆகவே ரீலிலும் சுற்றிக்கொள்ளும்.

தெர்மக்கோலில் ஓட்டை போட்டு, தீர்ந்துபோன ரீஃபிலை நுழைத்துத் தக்கை செய்தேன். முடிச்சுக்கு அத்தையின் ஓவர்லாக் நூல். முடிச்சு ரீஃபிலுக்குள் புகுந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு பாசிமணி.

"இதெல்லாம் ஆகற காரியமா அம்மிணி?" என்றாள் அத்தை.

ஆனது. முதலில் தக்கை தண்ணீரில் படுத்துக் கிடந்தது. ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். முடிச்சை முள் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். பன்னிரண்டு முழத்தில் தக்கை நிமிர்ந்து நின்றது. இரை தரைக்கு ஒரு விரல் மேலே தொங்குகிறது என்று பொருள். அரை மணி நேரத்தில் ஒரு கெளுத்தி. அத்தை கெளுத்தி பிடித்து இரண்டு வருடமாகிறதாம்.

வழி முழுக்க அத்தை பார்ப்பவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவதான் எஞ்சினியரு" என்றாள்.

ஜூன் 12, புதன்

அத்தையைப் பெண் கேட்டிருக்கிறார்கள். காங்கேயத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். பெயர் திருமலைசாமி. முதல் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மே மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர் அவர்தான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எங்கள் மிக்ஸியில் ஏதோ சத்தம் வருகிறது என்று அவராகவே கழற்றிப் பார்த்தார்.

ஆடி பிறப்பதற்கு முன் பதில் சொல்ல வேண்டும். அப்பா, "கோயில்ல பூக் கேட்டுப் போடலாம்" என்றார். சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பூவ நம்பி ஒருக்கா போயாச்சுங்கண்ணா. பதினாலு மாசத்துல திரும்பியும் வந்தாச்சு. இந்தத் தடவ மீனக் கேக்கறேன்."

"என்னது?"

"மூணு ஞாயித்துக்கெழம பாறைக்குழிக்குப் போவேன். அதுக்குள்ள ஒரு கெளுத்தி எடுத்தாப் போறேன். எடுக்கலீன்னா இல்ல. ஜிலேபி மீனு கணக்கில்ல, அது கழுதைக்கும் கடிக்கும்."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "சரி, உன்ர இஷ்டம்" என்றார்.

முதல் கல்யாணத்துக்கு வெள்ளைப் பூதான் வந்ததாம். பொட்டலத்தை எடுத்தது நான்தானாம். எனக்கு அப்போது ஐந்து வயது. பெரிதாக ஒன்றும் நினைவில்லை. பொட்டலம் ஈரமாக இருந்தது, இடதுபக்கத்தில் இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் ஞாயிறு. காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். இரை மண்புழு.

ஜிலேபி கடித்தால் தக்கை படபடவென்று ஆடும். கெளுத்தி அப்படியில்லை. தக்கை யாரோ மெதுவாக நடத்திக்கொண்டு போவது போலப் பக்கவாட்டில் நகரும், பிறகு அமிழும். பத்து மணிக்குத் தக்கை நடந்தது. அத்தை எழுந்து நின்றாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பரீட்சைப் பேப்பர் கொடுக்கும்போது எங்கள் வகுப்பில் சிலர் இப்படி இருப்பார்கள்.

இழுத்தாள். கனமாக வந்தது. மீசை தெரிந்தது. கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது.

"கைக்கு வல்லீங்களே அத்தை, அதனால கணக்கில்லதானுங்க?" என்று கேட்டேன்.

"கணக்கில்ல" என்றாள். "ஆனா அடில இருக்குது பாரு. அடுத்த வாரம் வரும்."

வரும் வழியில் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

அத்தை போய்விட்டால் அறை முழுவதும் எனக்கே என்று அம்மா சொன்னாள். சுவரோரமாகப் புத்தக அலமாரி வைக்கலாமாம். எனக்குச் சந்தோஷம்தான். அலமாரியின் அளவைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அத்தையின் பெட்டி இருக்கும் இடத்தில்தான் வைக்க முடியும். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அளவு சரியாக வரவில்லை.

ஜூன் 22, சனி

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. வீட்டுப்பாடம் முடித்தேன். துணி மடித்தேன். போர்ட்டிகோவில் ஆணியில் மாட்டியிருந்த தூண்டிலை எடுத்துத் துடைத்து வைத்தேன். நரம்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வைத்தேன்.

அறிவியல் பாடத்தில் நேற்று சோதனை செய்யும் முறை படித்தோம். ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் எதனால் என்ன நடந்தது என்று தெரியும்.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. தக்கை வழக்கம்போல நிமிர்ந்து நின்றது. இரை தரைக்கு ஒரு விரல் மேலே இருந்தாலும் மூன்று முழம் மேலே இருந்தாலும் தக்கை ஒரே மாதிரிதான் நிற்கும். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இதைப் பொதுவான தகவலாக எழுதுகிறேன்.

ஒன்பது ஜிலேபி. கெளுத்தி இல்லை.

அத்தை நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ நரம்பைச் சுற்றும்போது நடுவில் நிறுத்தினாள். ரீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்கத்தை?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள். மத்தியானம் வரை இருந்துவிட்டு வந்தோம்.

அம்மா ஜிலேபியை வறுத்தாள். நான் சாப்பிடவில்லை.

ஜூன் 26, புதன்

கணக்குத் தேர்வில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. அத்தையிடம் காட்டவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு. நான் வரவில்லை என்று சொன்னேன். "வா, எஞ்சினியரு இல்லாம எப்படி?" என்றாள் அத்தை. போனேன். அத்தை நரம்பை வீசிவிட்டுத் தக்கையைப் பார்க்காமல் எதிர்க்கரையில் மேயும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எடத்த மாத்திப் பாக்கலாங்களா?" என்று நான்தான் கேட்டேன். பாறையின் மறுபக்கம் ஆழம் குறைவு. அங்கே போனால் இரை தானாகவே தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நான் கேட்டதை இங்கே குறித்து வைக்கிறேன்.

"வேண்டாம்" என்றாள். "கேட்ட எடத்துல பதில் வந்துருச்சு."

ஜூலை 1, திங்கள்

அப்பா காங்கேயத்துக்குப் போன் செய்தார். "இந்த வருசம் சரிப்படாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. போன் மிகச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அத்தை கம்பெனியிலிருந்து வந்ததும் அப்பா, "சொல்லிப்போட்டேம்மா" என்றார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இப்ப நிம்மதிதானுங்க?" என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அத்தை அப்பாவோடு பேசுவதில்லை. சண்டை இல்லை. சோறு போடுகிறாள், டிபன் கட்டுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று அப்பா அவளுக்குப் பிடிக்கும் என்று பருத்திப்பால் வாங்கி வந்தார். "எனக்கு வேண்டாங்கண்ணா, அண்ணிக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். என்னால் இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை.

இந்த நோட்டில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். ஜூன் 22 அன்று தடைமுடிச்சை முள் பக்கமாக மூன்று முழம் நகர்த்தினேன். கெளுத்தி தரையில் மேயும் மீன். அது கடிக்கக் கூடாது என்றுதான் செய்தேன். சோதனை எதுவும் இல்லை.

ஏன் செய்தேன் என்பதை எழுத வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

நேற்று அத்தை பாறைக்குழிக்குப் போகவில்லை. இன்று மாலை பெட்டியைத் திறந்து துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். ஆடி பதினெட்டுக்குப் பிறகு போகப் போகிறாளாம்.

"ஏனுங்கத்தை? இங்கயே இருக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

அத்தை கதவைச் சாத்தினாள். "உங்கிட்ட மட்டும் சொல்றேன், யார்த்தயும் சொல்லாத. அந்த முடிச்சு இருக்குதில்ல, நரம்பச் சுத்தறப்ப அது தூண்டில் கம்பு நுனி வளையத்துல டிக்குனு தட்டும். அங்கிருந்து ஈயம் கைக்கு வர்ற வரைக்கும் பதினோரு சுத்து. பனியன எண்ணி எண்ணி எனக்கு எதப் பாத்தாலும் எண்ணத்தான் வரும். ரெண்டாவது வாரம் எண்ணுறேன், எட்டுத்தான் வருது. மறுக்கா எண்ணுறேன், எட்டு."

நான் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிச்சு தானா எறங்காது. போர்ட்டிகோவுல மாட்டி வச்சத யாரோ எறக்கியிருக்காங்க. உங்கப்பனத் தவர அதத் தொடறது யாரு? ரெண்டாங் கலியாணம்னா ஊருக்குள்ள நாலு பேரு பேசுவாங்க. அண்ணனுக்கு மூஞ்சிக்கு நேராச் சொல்ல மனசில்ல. அதான் இப்படி."

"அப்படின்னா நீங்க முடிச்சத் திருப்பி ஏத்தியிருக்கலாமில்லீங்க?"

"எதுக்கு? நான் மீனக் கேட்டேன், மனுசன் பதில் சொல்லிட்டான். அதுவும் பதில்தான். வேண்டாங்கறவங்க ஊட்டுல எத்தன நாளைக்கு உக்காந்துக்கறது?"

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா காப்பிக்குக் கூப்பிட்டாள், நான் எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

அப்பா என்னிடம், "உங்கத்தைக்கு எம்மேல என்ன கோவம்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா சாமி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் எண்ணிக்கை: இதோடு எத்தனை என்று எண்ணப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனி வேன் காலை ஏழே முக்காலுக்கு எங்கள் முக்குக்கு வரும். நானும் அத்தையோடு நடந்தேன். முக்கில் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வேன் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"அத்தை, முடிச்ச எறக்குனது நாந்தானுங்க" என்றேன்.

அத்தைக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. வேன் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் திரும்பவில்லை.

பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆறரைக்கு வந்தாள். கால் கழுவினாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மூணு முழமா?"

"ஆமாங்க."

"நானும் அதான் கணக்குப் போட்டேன்." டிபன் பையைக் கீழே வைத்தாள். "ஒருக்கா நீ பூவ எடுத்துக் குடுத்த. அது உன்ர தப்பில்லேன்னு எத்தன பேருகிட்டச் சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? கொழந்த என்ன பண்ணுவான்னு. இப்ப நீ கொழந்த இல்ல."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அத்தை கூடத்துக்குப் போய் அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணா, பத்து நாளா உங்க மூஞ்சியப் பாத்து நான் பேசலீங்க. ஏன்னு நீங்க கேக்கவே இல்ல."

"கம்பெனில சலிப்பா இருக்கும்னு நெனச்சேம்மா. கேட்டா இன்னும் கோவப்படுவியோன்னு..."

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். முடிச்சு, பதினொன்று, எட்டு. நான் கதவோரம் நின்றேன். அம்மா எழுந்து வந்து, "உன்ர பொஸ்தகத்த எல்லாம் அடுப்புல போடறேன் இரு" என்றாள். அப்பா என்னைத் திட்டவில்லை. அத்தையைப் பார்த்து, "நாலு பேரு பேசுவாங்கன்னு நான் ஒன்னத் தடுப்பேன்னு நெனச்சயா கோகிலா?" என்று மட்டும் கேட்டார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார், கண்கள் சிவந்திருந்தன.

நான் நகர்த்தியது மூன்று முழம். அது இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் செய்தேன், ஆகவே தெரிந்துதான் இருந்திருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

அத்தை தானே காங்கேயத்துக்குப் போன் செய்தாள். அப்பா செய்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். பூவும் இல்லை, மீனும் இல்லை, நானே பேசுகிறேன் என்றாள். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் பேசினாள்.

"நாங் கோகிலா பேசறேனுங்க. முன்ன வேண்டாமுன்னு சொன்னது என்ர பதில் இல்லீங்க... அதப் போன்ல சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு வேற எடம் அமஞ்சிருந்தா ஒண்ணும் வேண்டாமுங்க, வச்சுருங்க."

வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். புதன்கிழமை ஆடி பிறக்கிறது.

"என்ன காரணம்னு கேப்பாருல்ல, என்னன்னு சொல்றது?" என்றாள் அம்மா.

"நாம எதுக்குச் சொல்றது?" அத்தை என்னைப் பார்த்தாள். "பண்ணுனவ சொல்லட்டும்."

ஜூலை 14, ஞாயிறு

பதினொரு மணிக்கு மொபெட்டில் வந்தார். தனியாக. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மிக்சர் பொட்டலமும். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை சமையலறை வாசலில் நின்றாள். நான் நடுவில்.

நேற்று முழுவதும் என்ன சொல்வது என்று எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும். முதல் வரியே மறந்துவிட்டது. ஆகவே தக்கை எப்படி நகரும் என்பதிலிருந்து தொடங்கிவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிச்சு என்றதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"என்ன நூலு?"

"ஓவர்லாக் நூலுங்க."

"வழுக்காதா?"

"எச்சி தொட்டு இறுக்கோணுமுங்க. பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு."

"ஓ" என்றார். "காயில் கட்டறப்ப ஒரு சுத்துத் தப்புனாலும் மோட்டார் பொகஞ்சுரும். அதுனால கேட்டேன். ம், அப்பறம்?"

அப்புறம் மூன்று முழத்தைச் சொன்னேன். அவர் தின்று முடித்த வாழைப்பழத்தின் தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அதை எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை.

"என்னையப் புடிக்கலையா உனக்கு?"

"உங்களத் தெரியவே தெரியாதுங்களே."

"அதுவும் சரிதான். அப்ப எதுக்குப் பண்ணுன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்த நோட்டில் நானும் பதில் எழுதவில்லை.

"அத்தை போயிருவாங்கன்னு" என்றேன். சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்ன காரணம்தான். அதை மூன்று வாரம் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அவர் அழாதே என்று சொல்லவில்லை. அத்தை நின்ற பக்கம் திரும்பினார். "நானும் ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. உங்கண்ணன் வேண்டாமுன்னு போன் பண்ணுனப்ப எனக்கு வருத்தத்தோட கொஞ்சம் நிம்மதியும் இருந்துச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து ஒருத்தரப் பழகோணுமேன்னு பயம். அதனாலதான் ஒரு வார்த்த ஏன்னு கேக்காம வச்சுட்டேன்."

"இப்ப அந்தப் பயம் இல்லீங்களா?" என்றாள் அத்தை.

"இருக்குதுங்க. இருந்தாலும் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

அத்தை முதல் தடவையாகச் சமையலறை வாசலைத் தாண்டி வந்தாள். அவர் கையிலிருந்த தோலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். "சோறு ஆயிருச்சு, உக்காரச் சொல்லுங்கண்ணா" என்ற குரல் கேட்டது.

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை வீட்டில் இருந்தாள். அரை நாள் லீவு போட்டு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனாளாம். பெட்டியை இன்னும் கட்டவில்லை. வியாழக்கிழமையிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். தட்டு எடு. கதவைச் சாத்து.

நான் பையை வைத்துவிட்டு, "அத்தை, என்மேல இன்னும் கோவமுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

"எத்தன நாளைக்குங்க?"

அத்தை யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே கணக்குப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஆவணி வரைக்கும் இருக்கும். அங்க போன பின்னால ஒம்மேல கோவிச்சுக்க நேரம் இருக்காது, வந்து பாக்கத்தான் தோணும். அதனால எல்லாத்தையும் இப்பவே பட்டுக்க."

"சரிங்கத்தை" என்றேன்.

"போய்க் கைகாலக் கழுவு."

கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தேன். இன்னும் பக்கத்தில் வா என்று சொல்லவில்லை. தள்ளிப் போ என்றும் சொல்லவில்லை.